மார்ச் முதல் ஜூன் வரை: பள்ளி அனுப்பும் கடிதங்கள்

மார்ச் பிறந்ததும் பள்ளியிலிருந்து வரும் கடிதங்கள் பெருகிவிடும். பிள்ளையின் புத்தகப்பையில் மடித்து வைத்த தாள், பேரண்ட்ஸ்கொயர் அல்லது கிளாஸ்டோஜோ செயலியில் ஓர் அறிவிப்பு, முதல்வரின் வாராந்திர மின்னஞ்சல், வகுப்பாசிரியர் வெள்ளிக்கிழமை அனுப்பும் குறிப்பு என்று நாலு பக்கமிருந்தும் வந்து சேரும். அமெரிக்காவில் பள்ளியாண்டு மே இறுதியிலோ ஜூனிலோ முடிகிறது. அதனால் நடப்பு ஆண்டை முடிக்கிற வேலையும் அடுத்த ஆண்டுக்கு ஏற்பாடு செய்கிற வேலையும் இந்தச் சில மாதங்களிலேயே ஒன்றாக விழுகின்றன.

ஊரில் பள்ளிக்கூடம் நம்மைக் கூப்பிட்டால் ஏதோ புகார் என்று பதறுவோம். கூப்பிடாவிட்டால் "எல்லாம் டீச்சர் பார்த்துக்குவாங்க" என்று இருந்துவிடுவோம். அந்தப் பழக்கத்தை இங்கே தொடர்ந்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். பதில் வராத குடும்பத்துக்கு அதில் விருப்பமில்லை என்று பள்ளி முடிவு செய்துகொள்ளும். வற்புறுத்தி இரண்டாம் முறை கேட்பது எல்லாப் பள்ளியிலும் நடப்பதில்லை. எனவே எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் இரண்டைத் தேடுங்கள்: நம்மிடம் பதில் கேட்கிறார்களா, கேட்டால் கடைசித் தேதி என்ன. பதில் கேட்பதை அன்று இரவே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். மற்றவற்றைச் சனிக்கிழமை சேர்த்துப் படித்தால் போதும்.

ஆங்கிலக் கடிதம் புரியவில்லை என்றால் கூச்சப்பட வேண்டாம். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி, பெற்றோருக்குத் தெரிந்த மொழியில் முக்கியமான தகவல்களைச் சொல்ல வேண்டியது பள்ளியின் கடமை. சான் பிரான்சிஸ்கோவின் சீன வம்சாவளிப் பிள்ளைகளுக்காக நடந்த லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ஆங்கிலம் தெரியாத பிள்ளையை வகுப்பில் வெறுமனே உட்கார வைத்துவிட்டுச் சமவாய்ப்புக் கொடுத்துவிட்டோம் என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். கட்டணம் கிடையாது; பல மாவட்டங்களில் தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றி ஆசிரியர் சொல்லும் குறையைத் தானே அம்மாவிடம் சொல்ல வேண்டிய நிலை எட்டு வயதுக் குழந்தைக்கு வரக் கூடாது.

கிண்டர்கார்டன் பதிவும் தடுப்பூசி அட்டையும்

அடுத்த ஆண்டு பள்ளியில் சேர வேண்டிய குழந்தை வீட்டில் இருந்தால் முதல் வேலை இதுதான். பல மாவட்டங்களில் பதிவு ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் தொடங்கிவிடுகிறது. கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வீட்டருகே இருக்கும் பள்ளியில் இடம் நிரம்பி, தள்ளியிருக்கும் பள்ளிக்குப் போக நேரலாம். வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் செப்டம்பர் 1 அன்று குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் ஐந்து நிறைந்தால் போதும். கலிபோர்னியாவில் செப்டம்பர் 1க்குள் நான்கு வயது நிறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும் 2025–26 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளியிலேயே கட்டணமில்லாத டிரான்சிஷனல் கிண்டர்கார்டன் உண்டு. தனியார் டேகேருக்கு மாதந்தோறும் பெருந்தொகை கட்டிக்கொண்டிருக்கும் நம் குடும்பங்கள் பல இதைத் தெரியாமலே இருக்கின்றன.

பிறப்புச் சான்றிதழ், முகவரிக்குச் சான்று, தடுப்பூசிப் பதிவு ஆகிய மூன்றும் எங்கும் கேட்பார்கள். பெற்றோர் எந்த விசாவில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டிப் பொதுப் பள்ளியில் பிள்ளைக்கு இடம் மறுக்க முடியாது. பிளைலர் எதிர் டோ வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

சிக்கல் வருவது தடுப்பூசியில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊரில் குழந்தைக்கு ஒன்பது மாதத்தில் தட்டம்மை ஊசி போடுகிறோம். அங்கே அது சரியான முறைதான். ஆனால் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியை அமெரிக்கப் பள்ளிகள் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பின் இரண்டு தவணை இருக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் மட்டுமான ஊசி. பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியை இங்கே கேட்பார்கள். சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே இல்லை. தனியார் மருத்துவரிடம் போட்டிருந்தால்தான் பதிவு இருக்கும்.

அடுத்தது போலியோ சொட்டு மருந்து. உலகம் முழுவதும் 2016 ஏப்ரலில் சொட்டு மருந்தின் வகை மாறியது. மூன்று வகைப் போலியோ வைரஸுக்குப் பதில் இரண்டு வகையை மட்டும் தடுக்கும் மருந்து வந்தது. அதனால் 2016 ஏப்ரல் 1க்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்து எதையும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்றைக்குக் கிண்டர்கார்டன் வயதில் இருக்கும், ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது பொருந்தும். ஊசியாகப் போட்டவற்றை மட்டும் பார்த்துவிட்டு, மீதியை இங்கே போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். "எல்லாம் போட்டாச்சே" என்று வாதிடுவதால் பயனில்லை. மருத்துவர் அட்டையைப் பார்த்து விடுபட்டதை மட்டும் போடுவார். முதலிலிருந்து தொடங்க மாட்டார். சில தவணைகளுக்கு இடையில் வாரக்கணக்கில் இடைவெளி தேவை. ஆகவே ஆகஸ்டில் ஓடாமல் ஏப்ரலிலேயே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.

அட்டையைக் கொடுக்கும் முன் தேதிகளைச் சரிசெய்து கொடுங்கள். 5-4-2021 என்பது நமக்கு ஏப்ரல் ஐந்து. இங்கே மே நான்கு. ஒரு மாத வித்தியாசத்தில், சரியாகப் போட்ட ஊசியும் செல்லாமல் போகலாம். மாதத்தை எழுத்தால் எழுதிய பட்டியல் ஒன்றைத் தயாரித்து அட்டையோடு இணைத்துவிடுங்கள். சில இடங்களில் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியால், தோலில் செய்யும் சோதனை நோயில்லாத குழந்தைக்கும் நோய் இருப்பதுபோலக் காட்டக்கூடும். பி.சி.ஜி. போட்டிருக்கிறது, இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் தமிழ் என்று எழுதியிருந்தால்

பள்ளியில் சேர்த்த அன்று ஒரு படிவத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்டிருப்பார்கள். தமிழ் என்று எழுதியிருப்பீர்கள்; அதுதான் சரி. அதன் அடிப்படையில் பிள்ளைக்கு ஒரு மதிப்பீடு நடந்து, ஆங்கிலம் கற்கும் மாணவர் என்று பதிவாகியிருந்தால், ஆண்டுதோறும் ஒரு மொழித் தேர்வு எழுத வேண்டியிருக்கும். கலிபோர்னியாவில் அதன் பெயர் எல்பாக். பிப்ரவரி 1க்கும் மே 31க்கும் இடையில் நடக்கும். நியூ ஜெர்சி, இல்லினாய், ஜார்ஜியா, வட கரோலினா போன்ற மாநிலங்களில் விடா அமைப்பின் தேர்வு. பெரும்பாலும் குளிர்காலத்தில் நடந்து, மதிப்பெண் பள்ளியாண்டு முடியும் நேரத்தில் வரும். டெக்சஸில் டெல்பாஸ். கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் நான்கையும் சோதிப்பார்கள்.

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் "என் பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்றாங்களா" என்று மனம் நொந்துபோகிறவர்கள் உண்டு. அடுத்த பிள்ளைக்குப் படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். இந்தப் பதிவு இருப்பதால்தான் பிள்ளைக்குத் தனிக் கவனமும் கூடுதல் வகுப்பும் கிடைக்கின்றன. தேர்ச்சி பெற்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன் பிறகும் சில ஆண்டுகள் கண்காணிப்பார்கள். கூடுதல் வகுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அப்படிக் கொடுத்தாலும் தேர்ச்சி பெறும்வரை ஆண்டுத் தேர்வை எழுதத்தான் வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. நான்கு பகுதிகளில் எது பின்தங்கியிருக்கிறது என்று பாருங்கள். நம் பிள்ளைகள் பலர் வாசிப்பதில் முன்னே இருப்பார்கள். பேசும் தேர்வில் கணினியின் ஒலிவாங்கி முன் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் அடக்கமாகப் பதில் சொல் என்று வளர்த்திருக்கிறோம். இந்தத் தேர்வோ விரித்துச் சொல்வதற்குத்தான் மதிப்பெண் தருகிறது. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் சாப்பிடும்போது "இன்னிக்கு விளையாடினதை எனக்குப் புரியற மாதிரி முழுசா சொல்லு" என்று கேளுங்கள். தமிழில் சொன்னாலும் போதும். விரித்துச் சொல்லும் பழக்கம் ஒரு மொழியில் வந்தால் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும்.

மாநிலத் தேர்வு

கூட்டாட்சிச் சட்டப்படி மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு நடக்கும். 2015இல் கையெழுத்தான சட்டம் அது. அறிவியலில், மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் ஒருமுறை. இது முழு ஆண்டுத் தேர்வு மாதிரி அல்ல. முதன்மையாகப் பள்ளியை அளக்கிற தேர்வு. ரேங்க் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் அடுத்த வகுப்புக்குப் போவது இதை வைத்து முடிவாவதில்லை.

விதிவிலக்கு உண்டு. ப்ளோரிடா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் மிகக் குறைந்த நிலையில் இருந்தால் அதே வகுப்பில் மீண்டும் படிக்க வைக்கச் சட்டம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் குளிர்காலத்திலேயே வரும் வாசிப்புக் குறைபாட்டுக் கடிதத்தைப் புறக்கணிக்கக் கூடாது. ஆங்கிலம் கற்கும் திட்டத்தில் சேர்ந்து இரண்டாண்டு ஆகாத பிள்ளைக்கு ப்ளோரிடாவில் விலக்கு உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

மற்றபடி, தேர்வு நாட்களில் மருத்துவர் நேரம் வைக்காதீர்கள், முந்தின இரவு நேரத்தோடு படுக்க வையுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அரிசோனாவின் பெரும்பகுதியிலும் ஹவாயிலும் மட்டும் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் பழக ஒரு வாரம்கூட ஆகலாம். தேர்வுக்கென்று டியூஷன் வைப்பது தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியருடன் இருபது நிமிடம்

வசந்தகாலப் பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புக்குப் பதினைந்து அல்லது இருபது நிமிடம் ஒதுக்குவார்கள். எல்லாப் பள்ளியிலும் இது நடப்பதில்லை. சில பள்ளிகளில் அழைப்பு எல்லாருக்கும் வராது. அழைப்பு வராவிட்டாலும் நேரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பலாம், கொடுப்பார்கள்.

மதிப்பெண் அட்டையில் 1 முதல் 4 வரை எண்கள் இருக்கும். 3 என்றால் அந்த வகுப்புக்குரிய நிலையை எட்டிவிட்டது என்று பொருள். நாலுக்கு மூன்றுதானா என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். 2 என்று இருக்கும் இடத்தைத்தான் கேட்க வேண்டும். இங்கே ஆசிரியர்கள் முதலில் நல்லதைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். நம்மவர்கள் அந்த நல்ல வார்த்தையைக் கேட்ட மகிழ்ச்சியில் "தேங்க்யூ" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். உட்கார்ந்திருங்கள். எந்தப் பாடத்தில் வகுப்பு நிலைக்குக் கீழே இருக்கிறான்? வகுப்பில் யாருடன் சாப்பிடுகிறான், இடைவேளையில் தனியாக நிற்கிறானா? புரியாதபோது கையைத் தூக்கிக் கேட்கிறாளா? கோடையில் வீட்டில் ஒன்றே ஒன்று செய்யலாம் என்றால் எதைச் செய்வது? இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் ஆசிரியர் அதைக் குறையாக நினைக்க மாட்டார்.

படிப்பிலோ பேச்சிலோ நடத்தையிலோ ஏதோ சரியில்லை என்று உங்கள் மனதில் நெடுநாளாகப் பட்டுக்கொண்டிருந்தால், சிறப்புக் கல்வி மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதற்குக் கால வரம்பு கிடையாது. தேதியிட்ட கடிதத்துக்கு உண்டு. கூட்டாட்சிச் சட்டம் பெற்றோர் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து 60 நாள் என்கிறது. மாநிலம் தனக்கென்று வேறு வரம்பு வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் கோடை விடுமுறை நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. மே கடைசியில் கேட்டால் அடுத்த பள்ளியாண்டில்தான் நடக்கும். மார்ச்சில் கேட்டவருக்கு இந்த ஆண்டே நடக்கும். "பையன்னா லேட்டாத்தான் பேசுவான், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று பாட்டி சொல்வது பாசத்தில் சொல்வது. மதிப்பீடு செய்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதி. இருக்கிறது என்று தெரிந்தால் ஓராண்டு மிச்சம்.

ஏப்ரல், மே மாதங்களில் சில பள்ளிகள் அடுத்த ஆண்டு வகுப்பு ஒதுக்குவதற்காகப் பிள்ளையைப் பற்றி எழுதிக் கேட்கும். எந்த ஆசிரியர் வேண்டும் என்று பெயர் சொல்லக் கூடாது என்று அதிலேயே இருக்கும். பிள்ளை எப்படிக் கற்கும், எதற்குப் பயப்படும், எந்த நண்பனுடன் சேர்ந்தால் அமைதியாக இருக்கும், எவரிடமிருந்து சற்று விலகியிருந்தால் நல்லது என்று நாலு வரி எழுதுங்கள். இந்தத் தாளை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் குடும்பங்களில் நம்முடையவை அதிகம் என்பது எனக்கு வருத்தம். உங்கள் பிள்ளையை உங்களைவிட அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

ஊருக்குப் போகும் டிக்கெட்

கோடை விடுமுறை தொடங்கும் வாரம் சென்னைக்கு விமானக் கட்டணம் ஏறிவிடும். அதனால் பத்து நாள் முன்பே கிளம்பிவிடலாம் என்று தோன்றும். வாங்குவதற்கு முன் பள்ளி மாவட்டத்தின் வருகை விதியைப் படியுங்கள். குடும்பப் பயணம் பெரும்பாலும் ஏற்கத்தக்க காரணமாகக் கருதப்படுவதில்லை. பல மாநிலங்களில் பள்ளியாண்டு 180 நாள். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 நாள், எந்தக் காரணத்துக்காக விடுபட்டாலும் தொடர் வருகைக் குறைவு என்று பதிவாகும். கலிபோர்னியாவில் தகுந்த காரணமில்லாமல் மூன்று முழு நாள் விடுபட்டாலே சட்டப்படி கடிதம் வரும். அரிசோனாவில் காரணமில்லாமல் தொடர்ந்து 10 நாளும் வர்ஜீனியாவில் தொடர்ந்து 15 நாளும் வராத பிள்ளையின் பெயரைப் பதிவிலிருந்து நீக்கிவிடுவார்கள். திரும்பி வந்து சேரும்போது அதே பள்ளியில் இடம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, போயே ஆக வேண்டும் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் காய்ச்சல் என்று பொய் எழுதினால், ஊருக்குப் போய்வந்த கதையைப் பிள்ளை வகுப்பில் சொல்லத்தான் செய்யும். கலிபோர்னியாவில் தனிக் கற்றல் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. கிளம்பும் முன்பே கையெழுத்திட்டு, கொடுத்த பாடங்களை முடித்துக் கொண்டுவந்தால் வருகை காப்பாற்றப்படும். ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டுக்கு ஒரு நாள் விடுப்பு வேண்டுமானால், பண்டிகைக்காக என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். சமயப் பண்டிகைக்கான விடுப்பைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன.

மற்ற நாட்கள்

பைஜாமா அணியும் நாள், புத்தகக் கண்காட்சி, ஏப்ரல் 22 பூமி நாள், மே மாத விளையாட்டு நாள் ஆகியவற்றுக்குப் பதில் தேவையில்லை. ஆனால் தேதி நினைவிருக்க வேண்டும். எல்லாரும் பைஜாமாவில் வரும் நாளில் ஒரு பிள்ளை மட்டும் ஜீன்ஸில் நின்றால் அந்த நாள் முழுவதும் அதற்குப் பாரம்.

சுற்றுலாவுக்கு ஒப்புதல் சீட்டில் கையெழுத்து வராவிட்டால் பிள்ளையைப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். பணம் கட்ட முடியவில்லை என்றால் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் பணம் இல்லை என்பதற்காகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சட்டம் அனுமதிப்பதில்லை. அன்றைக்குச் சாப்பாடு, தின்றுவிட்டுத் தூக்கிப்போடக்கூடிய காகிதப் பையில் இருக்க வேண்டும். எவர்சில்வர் டப்பா வேண்டாம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால், புளியோதரையில் கடலை போடாமல் கொடுங்கள். முந்திரி போட்ட பொங்கலும் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வசந்தத்தில் ஊரிலிருந்து தாத்தா பாட்டி வருவார்கள். மாலையில் பிள்ளையை அழைத்துவர அவர்களை அனுப்புவதற்கு முன், அலுவலகத்தில் உள்ள அவசரத் தொடர்பு அட்டையில் அவர்கள் பெயரைச் சேருங்கள். பெயர் இல்லாவிட்டால், பிள்ளையே "தாத்தா!" என்று ஓடினாலும் அனுப்ப மாட்டார்கள். முதல் முறை போகும்போது கடவுச்சீட்டை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

மே முதல் முழு வாரம் ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லும் வாரம். விலை உயர்ந்த பரிசு தேவையே இல்லை; மாசசூசெட்ஸில் 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசைத் தனி ஒருவரிடம் ஆசிரியர் வாங்குவது விதிக்குப் புறம்பு. பிள்ளை தன் கையால் தமிழில் இரண்டு வரியும் ஆங்கிலத்தில் இரண்டு வரியும் எழுதிய கடிதத்தைக் கொடுங்கள்.

வேறு ஊருக்கு மாறுபவர்கள்

வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜூனில்தான் கிளம்புவார்கள். இங்கே டி.சி. கிடையாது. புதிய பள்ளியில் நீங்கள் கையெழுத்திட்டால் அவர்களே பழைய பள்ளியிடம் பதிவேடுகளைக் கேட்டு வாங்குவார்கள். அது வந்து சேர வாரங்கள் ஆகலாம். கோடையில் பள்ளி அலுவலகம் மூடியிருக்கும். ஆகவே கடைசி மதிப்பெண் அட்டை, மொழித் தேர்வு முடிவு, தடுப்பூசிப் பதிவு, ஐ.இ.பி. எனப்படும் தனிக் கல்வித் திட்டம் இருந்தால் அதன் முழுப் பிரதி ஆகியவற்றைப் பள்ளி மூடும் முன் கேட்டு வாங்கி உங்கள் கைப்பையில் வையுங்கள். பிள்ளையின் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையை 1974ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. கேட்ட 45 நாளுக்குள் பள்ளி காட்ட வேண்டும். இந்தியாவுக்கே திரும்புகிறவர்கள், எந்த வகுப்பு முடித்தார், எந்தத் தேதிவரை படித்தார் என்று பள்ளியின் தாளில் முதல்வர் கையெழுத்துடன் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள், டி.சி. எங்கே என்று கேட்கும் அங்குள்ள பள்ளிக்கு அதைக் காட்டலாம். நூலகப் புத்தகமும் பள்ளி கொடுத்த மடிக்கணினியும் திரும்பிப் போய்விட்டனவா என்று அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.